ஹை-ஹேட் தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மெல்லிசை மேடைகள், தேவாலயங்கள், கல்லூரி விழாக்கள் ஆகியவற்றுக்கு டிரம்ஸ் பூட்டிக் கொடுப்பது என் வேலை. ஒரு செட்டில் அதிகப் புகார் வருவது ஹை-ஹேட்டைப் பற்றித்தான், அதாவது ஒரே ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, பெடலை மிதித்து மூடித் திறக்கும் இரண்டு சிம்பல் தட்டுகள். மற்ற சிம்பல்கள் கையடியை மட்டும் வாங்குகின்றன. இது பாட்டு முழுக்கக் கையாலும் காலாலும் இயங்குகிறது. தேய்மானமும் அதற்கேற்ப இருக்கும்.

புகார் எப்போதும் ஒரே மாதிரி தொடங்கும்: "தட்டு செத்துவிட்டது அண்ணே, புதிது வாங்க வேண்டும்." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தட்டில் குறையே இருக்காது. ஒரு திருகு, ஒரு ஃபெல்ட் (அழுத்திய கம்பளி வட்டம்), ஒரு நட்டு என்று அந்த அளவிலேயே வேலை முடிந்துவிடும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், பணம் கேட்கும் சோதனையைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

பாகங்களின் பெயரை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கீழே பெடல். அதிலிருந்து சங்கிலி அல்லது பட்டை. அதன் மேல்முனையில் ஒரு மெல்லிய கம்பி, குழாய்க்குள் புகுந்து உச்சி வரை நிற்கும். குழாயின் தலையில் உள்ள கிண்ணத்தில், ஒரு ஃபெல்ட்டின் மேல் கீழ்த்தட்டு உட்காரும். அந்தக் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு சாய்வுத் திருகு இருக்கும். மேல்தட்டைக் கம்பியோடு பிடித்து வைப்பது கிளட்ச். கிளட்சில் தட்டுக்கு மேலும் கீழும் ஃபெல்ட் வட்டங்கள், மேலே ஒன்றையொன்று பூட்டும் இரண்டு நட்டுகள், அடியில் ஒரு நட்டு, பக்கவாட்டில் ஒரு காது திருகு.

பையில் இருக்க வேண்டியவை: டிரம் கீ (டிரம்ஸ் திருகுகளைத் திருப்பும் சாவி), சிறிய ஸ்பேனர், துணி, தையல் மெஷின் எண்ணெய், குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்லான் டேப், உபரி ஃபெல்ட், உபரி கிளட்ச். கிளட்ச் ஒன்று கையில் இல்லாமல் வெளியூர் மேடைக்குக் கிளம்பாதீர்கள்.

## அறிகுறி 1: பெடலை மிதித்தால் 'சிக்' வரவில்லை, 'புஸ்' என்கிறது

இதுதான் முதன்மையான நோய். இரண்டு தட்டுகளும் விளிம்போடு விளிம்பு ஒரே நேரத்தில் சமமாகப் படிந்தால் உள்ளே மாட்டிய காற்று வெளியேற வழி இருக்காது. சத்தம் அந்தக் காற்றிலேயே அமுங்கிவிடும். நாகசுரக் கச்சேரியில் தாளம் போடுபவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு தாளத்தையும் முகத்தோடு முகம் ஒட்ட அடிக்க மாட்டார். சற்று விலக்கி, விளிம்பு விளிம்பில் படும்படிதான் தட்டுவார். அதே வேலையை இங்கே செய்யத்தான் சாய்வுத் திருகு இருக்கிறது.

முதல் சோதனை: கீழ்த்தட்டு கிடைமட்டமாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். இருந்தால் சாய்வுத் திருகை அரைச் சுற்று உள்ளே திருப்பி மிதித்துப் பாருங்கள். 'சிக்' தெளிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தெளியவில்லை என்றால் இன்னோர் அரைச் சுற்று. அதற்கு மேல் போகப் போகத் தட்டுகள் ஒரு பக்கம் மட்டும் தொட்டு மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும். அப்போது 'சிக்' கூர்மையாக வந்தாலும், மூடி வாசிக்கும்போது சலசலப்பு சேரும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சாய்வே போதும்.

திருகே இல்லையென்றால்: விலை குறைந்த ஸ்டாண்டுகளில் இந்தத் திருகு அதிர்ந்து அதிர்ந்து எங்கேயோ விழுந்துபோயிருக்கும். கீழ்த்தட்டுக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவே ஒரு பக்கமாக ஃபெல்ட் துண்டு ஒன்றைச் செருகுங்கள். நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட் வில்லை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் பாதி போதும். நிகழ்ச்சி முடிந்த பிறகு பழைய கிண்ணத்தைக் கொண்டுபோய் அதே மரைக்குப் பொருந்தும் திருகு வாங்கிக்கொள்ளுங்கள்.

சாய்வு இருந்தும் 'சிக்' மந்தமாக இருந்தால்: கிளட்ச்சின் நட்டுகளைப் பாருங்கள். மேல்தட்டை இரண்டு ஃபெல்ட்டுகளுக்கு நடுவே இறுக்கிப் பிழிந்திருப்பார்கள். விளிம்பை விரலால் பிடித்து ஆட்டினால் தட்டு லேசாக அசைய வேண்டும். அசையவே இல்லை என்றால் மேலே உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, அடுத்த நட்டை அரைச் சுற்று விட்டு, மறுபடியும் பூட்டுங்கள். அடி நட்டைத் தளர்த்தி இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது எப்போதும் முழு இறுக்கத்தில் இருக்க வேண்டியது. தளர்ந்தால் பாட்டின் நடுவில் தட்டு விழும்.

அதுவும் சரி என்றால்: தட்டுகள் இடம் மாறியிருக்கின்றனவா பாருங்கள். ஒரு ஜோடியில் வழக்கமாகக் கனமானது கீழே, இலேசானது மேலே. பல செட்டுகளை ஒரே வேனில் ஏற்றி இறக்கும் இடத்தில் இவை மாறிப்போவது சாதாரணம். எழுத்து அழிந்துபோன தட்டுகளாக இருந்தால் இரண்டையும் இரு கையில் தூக்கிப் பாருங்கள், எடை சொல்லிவிடும். வேண்டுமென்றே மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. கனமான தட்டு மேலே வந்தால் குச்சியடி தடித்து ஒலிக்கும், கால் சற்று மெதுவாகும். தெரிந்து செய்தால் அது குறையல்ல.

கடைசியாகத் தட்டின் வடிவம். தட்டைக் கவிழ்த்துச் சமமான டைல்ஸ் தரையில் வைத்துப் பாருங்கள். விளிம்பு ஓரிடத்தில் தூக்கி நின்றால் அது வளைந்திருக்கிறது. தட்டி நிமிர்த்த முயலாதீர்கள், விரிசல்தான் வரும். ஆனால் வாங்கும்போதே கீழ்த்தட்டின் விளிம்பு அலையலையாக இருந்தாலோ, தட்டில் சிறு துளைகள் இருந்தாலோ பயப்பட வேண்டாம். பைஸ்டே நிறுவனத்தின் சவுண்ட் எட்ஜ் தட்டு, ஜில்ஜியன் நிறுவனத்தின் குவிக் பீட் தட்டு ஆகியவை காற்று வெளியேறுவதற்காகவே அப்படிச் செய்யப்படுகின்றன. குவிக் பீட் கீழ்த்தட்டில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றைப் பழுது என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள்.

## அறிகுறி 2: எல்லாப் பாட்டுக்கும் ஒரே சத்தம்

பழுது என்று பலர் இதை நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய பழுது இதுதான். ஒரு மெல்லிசைக் கச்சேரியில் ஒரே இரவில் மெலடி, டிஸ்கோ, திஸ்ர நடையில் குத்துப்பாட்டு எல்லாம் வரிசையாக வரும். ஹை-ஹேட் மட்டும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே 'டிக் டிக்' என்றால் தாளத்துக்கு உயிர் இருக்காது. செட்டில் உள்ள கருவிகளிலேயே வாசித்துக்கொண்டிருக்கும்போது குரலை மாற்றக்கூடியது இது. அதை ஒரே குரலில் பேச வைப்பது வீண்.

முதலில் இடைவெளி. காலை எடுத்த நிலையில் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே எவ்வளவு இடம்? ஒரு விரல் தடிமனிலிருந்து தொடங்குங்கள், சுமார் 2 செ.மீ. கிளட்ச்சின் காது திருகைத் தளர்த்தி, காலால் தேவையான அளவுக்கு மிதித்து நிறுத்தி, தட்டு விழ விட்டு, திருகை இறுக்கினால் இடைவெளி தானே அமையும். இதைப் பாட்டுகளுக்கு நடுவில் கண நேரத்தில் செய்யப் பழகிக்கொள்ளலாம்.

மூடிய அடி கூர்மையாக வேண்டுமா: இடைவெளியைக் குறையுங்கள், காலை உறுதியாக வையுங்கள், குச்சி முனையால் தட்டின் மேற்பரப்பில் அடியுங்கள். இடைவெளி குறைந்தால் கால் பயணம் குறையும், வேகமான பாட்டில் கால் பின்தங்காது. மெலடியில் எட்டு எட்டாக ஓடும் அடிக்கு இது பொருந்தும்.

அதே கூர்மை மேடையில் முரட்டுத்தனமாகக் கேட்டால் காலின் அழுத்தத்தைப் பாதியாக்குங்கள். திருகு எதையும் தொட வேண்டாம். பாடற்குழு மெதுவாகப் பாடும் தேவாலயத்தில், கல்சுவரும் உயர்ந்த கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பும்போது, இறுக்கி மூடிய தட்டு ஊசிபோல் குத்தும். குச்சியை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓர் அங்குலம் நகர்த்துங்கள். அதுவும் போதவில்லை என்றால் மெல்லிய மூங்கில் குச்சிகளைக் கட்டிய ராட்ஸ். தட்டின் மேல் துணி போர்த்துவதை மட்டும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். துணி போட்டால் சத்தம் குறைவதோடு அடியின் தெளிவும் போய்விடும். பாடற்குழுவுக்குத் தேவை அந்தத் தெளிவுதான்.

தடித்த, சலசலக்கும் பாதி மூடிய ஓசை வேண்டுமா: காலை மெல்லத் தளர்த்துங்கள். தட்டுகள் ஒன்றையொன்று உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். குச்சியின் முனையை விட்டு அதன் தோளால் (முனையை நோக்கிக் குறுகும் பகுதியால்) விளிம்பில் அடியுங்கள். குத்துப்பாட்டின் சரணத்திலிருந்து பல்லவிக்கு மீண்டும் ஏறும் இடத்தில் இதைத் திறந்தால் மேடையே விரியும். இங்கே கிளட்ச் இறுக்கம் முக்கியம். ஃபெல்ட்டுகள் பிழிந்து பிடித்திருந்தால் இந்த ஓசை வரவே வராது. மேல்தட்டு துள்ள இடம் வேண்டும்.

பேஸ் டிரம்முக்கு இரண்டு பெடல் வைத்து இரு காலாலும் வாசிப்பவர் இடது காலை ஹை-ஹேட்டில் வைத்திருக்க முடியாது. அவருக்கென்று டிராப் கிளட்ச் இருக்கிறது. குச்சியால் தட்டினால் மேல்தட்டு கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும், பெடலை மிதித்தால் மறுபடி மாட்டிக்கொள்ளும். இறங்கிய நிலையில் தட்டு தன் எடையில் மட்டும் உட்கார்ந்திருக்கும். முழு இறுக்கம் கிடைக்காது என்பதை அறிந்து வாங்குங்கள்.

டிஸ்கோ வகைப் பாட்டில் தாள அடிகளுக்கு நடுவே வரும் இடையடிகளில் 'ட்ஸ்' என்று திறந்து மூட வேண்டும். அது நீளமாக இழுபட்டு அடுத்த அடியில் ஒட்டிக்கொண்டால் தவறு பெரும்பாலும் இடைவெளியில்தான். மூன்று விரல் அகலம் திறந்து வைத்தால் கால் இறங்கி வருவதற்குள் தாளம் போய்விடும். குறையுங்கள். இடைவெளி சரியாக இருந்தும் இழுபட்டால் ஸ்பிரிங்கைப் பாருங்கள், அது அறிகுறி 5-இல் வருகிறது.

காலாலேயே 'ஷ்ஷ்' என்று விரியும் ஓசை வேண்டுமென்றால் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டி உடனே விட்டுவிட வேண்டும். தட்டுகள் மோதி அதிர வேண்டும், ஒட்டி நிற்கக் கூடாது. இடைவெளி சற்றுக் கூட இருக்கட்டும், கிளட்ச் சற்றுத் தளரட்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் குரல் மாறவில்லை, எங்கே அடித்தாலும் தகரச் சத்தம்தான் என்றால் தட்டின் உலோகம் அப்படி. தொடக்கநிலை செட்டோடு வரும் பித்தளைத் தட்டுகளுக்கு அந்த ஒரே குரல்தான். அடுத்த படி 92 பங்கு செம்பும் 8 பங்கு வெள்ளீயமும் கலந்த தட்டுகள். அதற்கும் மேலே 80-க்கு 20 என்ற கலவை. நம் ஊர் வெண்கலப் பாத்திரம் செய்யும் கலவை இந்த 80-20-க்குப் பக்கத்தில் வரும். வெண்கலக்கடைத் தெருவில் ஒரு நல்ல மணியைச் சுண்டிக் கேட்டவருக்கு பித்தளை, வெண்கலம் ஆகிய இரண்டின் வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. பணம் செலவழிப்பதென்றால் மொத்த செட்டையும் மாற்றாமல் ஹை-ஹேட் ஜோடியை மட்டும் முதலில் மாற்றுங்கள். பாட்டில் அதிக நேரம் காதில் விழுவது அதுதான். 14 அங்குலம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் அளவு.

## அறிகுறி 3: வாசிக்க வாசிக்க மேல்தட்டு இறங்குகிறது, அல்லது விழுகிறது

இரண்டும் வேறு வேறு. முதலில் எது என்று பாருங்கள்.

கிளட்ச் முழுவதுமாகக் கம்பியில் வழுக்கி இறங்கினால்: காது திருகு. கையால் இறுக்குங்கள், இடுக்கி வேண்டாம். இடுக்கி போட்டால் மரை போகும், கம்பியில் பள்ளம் விழும். இறுக்கியும் வழுக்கினால் கம்பியைத் துணியால் துடையுங்கள். பெடலுக்கு எண்ணெய் போட்டவர் கையோடு கம்பியிலும் தடவியிருப்பார். எண்ணெய் இல்லாமலே வழுக்கினால் அதே இடத்தில் ஆண்டுக்கணக்காகத் திருகித் திருகிக் கம்பி தேய்ந்திருக்கும். ஸ்டாண்டின் உயரத்தை அரை அங்குலம் மாற்றி, கிளட்ச் கம்பியில் புது இடத்தைப் பிடிக்கும்படி செய்யுங்கள். அதுவும் தாங்காவிட்டால் புதுக் கிளட்ச். கம்பியின் தடிமன் எல்லா ஸ்டாண்டிலும் ஒன்றல்ல. பழைய கிளட்ச்சையோ கம்பியையோ கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

கிளட்ச் இருந்த இடத்தில் இருக்க, தட்டு மட்டும் கீழே விழுந்தால்: அடி நட்டு கழன்றுவிட்டது. நட்டைத் தேடுங்கள், பெரும்பாலும் கீழ்த்தட்டின் மேலோ பெடல் பக்கத்திலோ கிடக்கும். மரையில் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி நட்டை ஏற்றினால் அன்றைய இரவு தாங்கும். டேப் இல்லாமல் மேடையில் மாட்டிக்கொண்டால் நூல் சுற்றினாலும் ஓரளவு பிடிக்கும். மறுநாள் கடைக்குப் போகும்போது அடி நட்டு தானே பூட்டிக்கொள்ளும் வகைக் கிளட்ச் கேளுங்கள். விலை சற்றுக் கூடுதல்தான், ஆனால் திருவிழா மேடையில் பாட்டின் நடுவே தட்டு விழுவதோடு ஒப்பிட்டால் அது விலையே இல்லை.

பெடலை மிதித்தும் தட்டு அசையவே இல்லை என்றால் இந்த இரண்டும் அல்ல. கம்பி அடியில் மரை கழன்றிருக்கிறது, அல்லது சங்கிலி விட்டிருக்கிறது. கம்பியின் உச்சியைப் பிடித்து வலப்பக்கம் திருப்புங்கள், பிடிபட்டுவிடும். சுற்றிக்கொண்டே இருந்தால் கீழே உள்ள மரை போய்விட்டது. அதற்கு லேத் பட்டறைதான்.

## அறிகுறி 4: மூடி வாசிக்கும்போதும் சலசலப்பு, கடகடப்பு

சலசலப்பு தட்டிலிருந்து வருகிறதா, ஸ்டாண்டிலிருந்து வருகிறதா? ஒரு கையால் இரண்டு தட்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். கடகடப்பு அப்படியே இருந்தால் ஸ்டாண்ட். உயரம் பூட்டும் திருகுகள், கால்களின் திருகுகள், பெடலின் அடிக்கம்பி மாட்டும் துளைகள் என்று மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக விரலை வைத்து அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான்.

தட்டைப் பிடித்ததும் நின்றுவிட்டால் ஃபெல்ட்டுகளைப் பாருங்கள். புது ஃபெல்ட் அழுத்தினால் உள்ளே போய் மீளும். பழையது கட்டையாகக் காய்ந்து, தட்டைப் பிடிக்கும் வேலையை விட்டிருக்கும். மாற்றுங்கள், இருப்பதிலேயே மலிவான பாகம் இது. செருப்பு ரப்பரை வெட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிகழ்ச்சிக்குத் தாங்கும், ஆனால் ஓசையை விழுங்கிவிடும்.

கீழ்த்தட்டு குழாய்த் தலையில் உலோகத்தோடு உலோகம் உரசுகிறதா என்பதையும் பாருங்கள். அங்கே இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் வெடித்துப்போயிருந்தால் சலசலப்பு மட்டும் அல்ல, தட்டின் நடுத்துளையே தேய்ந்து நீள்வட்டமாகும். தேய்ந்த துளையைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. பிளாஸ்டிக் கிண்ணத்தை உடனே மாற்றினால் தேய்மானம் அதோடு நிற்கும்.

## அறிகுறி 5: பெடல் கனக்கிறது, அல்லது மெதுவாகத் திரும்புகிறது

ஸ்பிரிங் இறுக்கத்தைத் திருப்பும் வளையமோ குமிழோ குழாயின் கீழ்ப்பகுதியில் இருக்கும். மேல்தட்டு கனமாக இருந்தால் இறுக்கம் கூட வேண்டும், இலேசாக இருந்தால் குறைய வேண்டும். கால் எடுத்தவுடன் தட்டு உங்கள் காலோடு சேர்ந்து எழ வேண்டும். காலுக்குப் பின்னால் தயங்கி எழுந்தால் இறுக்கம் போதாது. முந்திக்கொண்டு காலைத் தூக்கிவிட்டால் இறுக்கம் அதிகம். மலிவான ஸ்டாண்டுகள் சிலவற்றில் இந்த வசதியே இருக்காது. அங்கே தட்டின் எடையைத்தான் ஸ்பிரிங்குக்கு ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பிரிங் சரியாக இருந்தும் கனத்தால் கம்பியைச் சந்தேகியுங்கள். கழற்றி டைல்ஸ் தரையில் உருட்டுங்கள். நேராக ஓடினால் நல்லது, தத்தித் தத்தி ஓடினால் வளைந்திருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து வெளியூர் பஸ்ஸில் ஏற்றும்போது கம்பியைக் கழற்றாமல் ஸ்டாண்டை அப்படியே சாமான்களுக்கு நடுவில் திணிப்பதால்தான் இது நடக்கிறது. கம்பியைத் தனியாகக் கழற்றி, குச்சிப் பையில் வையுங்கள். இலேசான வளைவைக் கையால் நிமிர்த்தலாம். மடங்கிப்போனதை மாற்றத்தான் வேண்டும்.

கம்பியும் நேர் என்றால் குழாய்க்குள் புழுதி. பங்குனி, சித்திரை மாதங்களில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கோயில் பொட்டல்களில் மேடை போட்டு வாசித்துத் திரும்பும் ஸ்டாண்டுகளில் இது நிச்சயம். குழாயைப் பிரித்து, உலர்ந்த துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுங்கள். புழுதி இருக்கும்போதே எண்ணெய் விட்டால் இரண்டும் கலந்து சேறாகி இன்னும் கனக்கும். முதலில் துடைப்பு, பிறகு எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு.

எண்ணெய்க்குப் பிறகும் திரும்பவில்லை என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. பிரிக்கும்போது அது தெறிக்கும். முகத்தைக் குழாய்க்கு நேரே வைக்காதீர்கள். பழகாதவர் இதைத் தானே பிரிக்காமல் இசைக்கருவி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.

## அறிகுறி 6: மிதிக்கும்போதெல்லாம் கிறீச் என்கிறது

மெதுவான பாட்டில் இது மைக் வழியே சபைக்கே கேட்கும். பெடலைக் கையால் அழுத்திக்கொண்டு காதைப் பக்கத்தில் வையுங்கள். பெடலின் குதிகால் கீல், சங்கிலி, ஸ்பிரிங் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பிறகு துணியால் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃபெல்ட்டில் எண்ணெய் படக் கூடாது.

## அறிகுறி 7: ஸ்டாண்ட் முன்னால் நகர்ந்து போகிறது

பளிங்கோ கிரானைட்டோ போட்ட தரையில் எந்த ஸ்டாண்டும் நகரும். டிரம்ஸ் முழுவதற்கும் அடியில் ஒரே கம்பளம் விரியுங்கள். இருக்கையும் அதன் மேலேயே இருக்கட்டும். உங்கள் எடைதான் கம்பளத்தைப் பிடித்து வைக்கிறது.

கம்பளத்தின் மேலும் நகர்ந்தால் பெடல் பக்கம் உள்ள கூர்முனைத் திருகுகளை இறக்குங்கள். அதற்கும் முன் கால்களின் விரிவைப் பாருங்கள். கால்களை அதிகமாக விரித்தால் நடுக்குழாய் தரையில் முட்டி, பெடல் கோணலாக நிற்கும். போதாமல் விரித்தால் ஸ்டாண்ட் ஆடும். பெடலின் அடிப்பாகம் தரையில் முழுமையாகப் படிந்து, மூன்று கால்களும் எடையைத் தாங்கும் நிலைதான் சரியானது. பலகை மேடையில் பலகைகளுக்கு நடுவிலுள்ள பிளவில் ஒரு கால் இறங்கிவிட்டால் மொத்த ஸ்டாண்டும் சாயும். அப்போது சாய்வுத் திருகில் நீங்கள் வைத்த அளவெல்லாம் பொய்யாகிவிடும். மேடை ஏறியதும் முதலில் கால்களுக்கு இடம் பாருங்கள்.

உயரம்: ஸ்னேர் (வாசிப்பவரின் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் டிரம்) விளிம்பிலிருந்து மேல்தட்டு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக மேலே இருக்கட்டும். அதற்கும் தாழ்ந்தால் வலக்கையும் இடக்கையும் மோதும்.

## அறிகுறி 8: நேரில் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கரில் 'புஃப் புஃப்' என்கிறது

தட்டைக் கழற்றாதீர்கள், மைக்கை நகர்த்துங்கள். தட்டுகள் மூடும்போது விளிம்பிடைவெளியிலிருந்து காற்று பீறிட்டு வரும். மைக் அதற்கு நேராக இருந்தால் அந்தக் காற்றைத்தான் பிடிக்கும். மைக்கை மேல்தட்டுக்கு அரைச் சாண் மேலே உயர்த்தி, விளிம்புக்கும் நடுக்குமிழுக்கும் இடையில் கீழ்நோக்கிக் காட்டுங்கள். கீழ்த்தட்டின் சாய்வால் எந்தப் பக்கம் அதிகம் திறந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் மைக்கை நோக்கி இராதபடி தட்டைச் சுழற்றி வையுங்கள். சிறிய தேவாலயங்களில் ஹை-ஹேட்டுக்கு மைக்கே தேவைப்படாது. பாடுபவர்களின் மைக்குகளே போதுமான அளவு எடுத்துவிடும்.

## அறிகுறி 9: ஒலி திடீரென உடைந்து கேட்கிறது

தட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விளிம்பைச் சுற்றிலும் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் இடத்தில் விரிசல் இருக்கும். நடுத்துளையைச் சுற்றியும் பாருங்கள்.

பற்றவைக்கக் கொண்டுபோகாதீர்கள். பாத்திரம் பற்றவைப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், தட்டுக்குச் சூடு காட்டியவுடன் அதன் பதம் போய்விடும். வெள்ளீயம் அதிகமுள்ள கலவை சூடேறி மெல்ல ஆறினால் நொறுங்கும் தன்மை பெறும். விரிசலின் முனையில் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாமல் சில காலம் நிற்கும். டிரில் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். அந்தத் தட்டைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், மேடைக்கு ஆகாது.

விரிசல் இல்லை, ஆனால் ஒலி மங்கிவிட்டது என்றால் அழுக்கு. வியர்வையும் புழுதியும் தட்டின் நுண்கோடுகளில் படிந்திருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்து, மெல்லிய துணியால் கோடுகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, உடனே ஈரம் போகத் துடையுங்கள். வீட்டில் வெண்கலம் துலக்கும் பழக்கத்தில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். தட்டு பளபளக்கும், ஆனால் மேல்பூச்சும் பெயர் அச்சும் சேர்ந்து போய்விடும். பிற்பாடு விற்கும்போது அது என்ன தட்டு என்று யாருக்கும் சொல்ல முடியாது.

## எதற்கு யாரிடம் போவது

குழாய்க்குள் மரை போனது, கம்பியின் அடிமரை போனது: லேத் பட்டறை. கம்பி, இணைப்பு நட்டு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், ஒன்றை மட்டும் கொடுத்தால் மரை பொருந்தாது. ஸ்பிரிங், சங்கிலி, கிண்ணம்: இசைக்கருவி பழுதுபார்ப்பவர். பெடல் பலகையோ அதன் கீலோ உடைந்தால் அது பெரும்பாலும் வார்ப்பு உலோகம். தெருமுனை வெல்டிங்கில் ஒட்டாது, ஒட்டினாலும் முதல் பாட்டில் பெயரும். பெடலை மட்டும் தனியாகத் தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்டாண்டை மாற்றுங்கள், நல்ல தட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டே வாங்கப் போவதென்றால் உங்கள் கிளட்ச்சையும் குச்சியையும் எடுத்துச் செல்லுங்கள். கடையில் ஸ்டாண்டில் மாட்டி, முதலில் காலால் மட்டும் மிதித்துக் கேளுங்கள், பிறகு பாதி திறந்து, பிறகு முழுதாக மூடி. கடைக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி நின்று ஒருமுறை கேளுங்கள். மேடைக்குக் கீழே இருப்பவர்களின் காதில் விழப்போவது அந்த ஒலிதான்.